சுவருக்கு இந்தப் பக்கம்

பழைய சர்வரில் நான்கு டிஸ்க். இரண்டு செத்துவிட்டன, மூன்றாவது இழுத்துக்கொண்டிருக்கிறது. அதுவும் போனால் அறுபது பேருடைய வெப்சைட் போகும். கூடவே எங்கள் கடையும். சாயங்காலத்துக்குள் புது சர்வருக்கு ஆர்டர் கொடுத்தாக வேண்டும்.

கடை என்றால் வீட்டின் பின்னறைதான். நைட் ஷிப்ட் வேலையை உதறிவிட்டு வந்து, அக்கா புருஷனோடு ஆரம்பித்தது. ஆள் பிடிப்பது மாமா, மெஷின் நான்.

மேஜையில் இரண்டு தாள். ஒன்று நிற்கிற மாடல். சத்தமே வராது, நான்கு டிஸ்குக்கு மேல் ஏறாது. இன்னொன்று ரேக்கில் படுக்கிற மாடல். எட்டு டிஸ்க், இரண்டு பவர் சப்ளை, மிக்ஸி மாதிரி கத்தும்.

"என்ன மாப்ள, பொண்ணு பாக்குற மாதிரி மாத்தி மாத்திப் பாக்குறே? படுக்குறதை எடு. இனிமே யாருக்குத் தொந்தரவு?" என்றார் மாமா. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்பா போய்ப் பதினோரு நாள். பக்கவாதத்தில் பேச்சு போய் இரண்டு வருடம் சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்தார். வலது கை மட்டும் வேலை செய்தது. கரண்டியால் சுவரில் தட்டுவார். சர்வர் சத்தம் பிடிக்கவில்லை என்று நான் அதன் விசிறி வேகத்தைக் குறைப்பேன். கொஞ்ச நேரத்தில் தட்டுவது நிற்கும். டிஸ்க் வெந்தது அப்படித்தான்.

அக்கா டீயோடு வந்து தாளை எட்டிப் பார்த்தாள்.

"சத்தத்துக்குத்தான் யோசிக்கிறேன். பழக்கமாயிடுச்சு. அப்பா தட்டிட்டே இருப்பாரே," என்றேன்.

"சத்தத்துக்கா தட்டினாரு?" டம்ளரை வைத்தாள். "ஒரு மாசம் எங்க வீட்டுல இருந்தாரே, அங்க என்ன சர்வரா ஓடுச்சு? அங்கயும் தட்டுவாருடா. போய்ப் பக்கத்துல உக்காந்தா நிறுத்திடுவாரு."

மாமா போனை எடுத்து எதையோ தேடினார். நான் டீயைக் குடித்தேன். சர்க்கரை கம்மி.

இங்கே கை வலித்து நிறுத்தியிருப்பார்.

சர்வர் விற்பவருக்கு போன் போட்டேன்.

"படுக்கிற மாடலா சார்? ரொம்பக் கத்துமே. பக்கத்து ரூம்ல ஆள் இருக்காங்களா?"

"இல்ல. அனுப்புங்க."

புதியது வர மூன்று நாள் ஆகும். அதுவரை பழையது தாங்க வேண்டும். விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். பத்து நிமிடத்தில் டிஸ்கின் சூடு அறுபதிலிருந்து நாற்பதுக்கு இறங்கியது.