கயிற்றுக்கு வெளியே முளைத்தவை

குளிர் விலகி வெயிலில் கொஞ்சம் சூடு ஏறியதும், ஸ்டேஷன் மாஸ்டர் தோட்டக் கொட்டகையைத் திறந்தார். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் அவரைத் தெருவில் யாரும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் திரும்பிப் பார்த்திருக்கவும் மாட்டார். துருப்பிடித்த களைக்கொத்தை மணல் போட்டுத் தேய்த்தார். கத்தரிக்கு எண்ணெய் விட்டு ரோஜாச் செடிகளைக் கவாத்து செய்தார். எல்லாம் அட்டவணைப்படி. அட்டவணை கொட்டகைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தது: 'காலை 7.10, சருகு. 7.40 முதல் 8.00, பூவாளி பரிசோதனை.'

"பூவாளியில பரிசோதிக்க என்னங்க இருக்கு?" என்று கேட்டாள் மனைவி.

"மூக்குல ஓட்டை அடைச்சிருக்கான்னு பாக்கணும்."

"அதுக்கு இருபது நிமிஷமா?"

"மொத்தம் நாப்பத்தெட்டு ஓட்டை."

எண்ணி வைத்திருப்பவரோடு என்ன பேசுவது?

இந்த வருடத் தோட்ட வேலையில் குடும்ப மானமும் கலந்திருந்தது. போன வருடம் மகன் கல்யாணத்தில், பெண்ணின் அப்பாவான பல் டாக்டர், நாற்பது பேர் முன்னால் ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை ஸ்டேஷன் மாஸ்டர் கையில் கொடுத்தார். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து எங்க வாசல்ல பூக்குற நீலப்பூ. அதோட விதை. வெளியில யாருக்கும் குடுத்ததில்ல. பொண்ணையே குடுத்தாச்சு, இதுல என்ன. ஆனா ஒண்ணு சம்பந்தி, இது எல்லார் கைக்கும் வராது."

விதை பொட்டலத்தில் இருந்தது. அந்தக் கடைசி வார்த்தை ஸ்டேஷன் மாஸ்டரின் தொண்டையில் இருந்தது. எல்லார் கைக்குமா? முப்பத்தேழு வருடம் ஒரு வண்டியைக்கூடத் தடம் மாற்றி விடாத கை இது.

ஆகவே விதைப்பிலும் தடம் போட்டார். பாத்தியின் இரு கோடியிலும் குச்சி நட்டு, கயிற்றை விறைப்பாகக் கட்டி, கயிற்றுக்கு நேர் கீழே சாணுக்கு ஒன்றாக விதை போட்டார். வசந்தத்தில் மண் எதையெல்லாமோ முளைக்க வைக்கும். அதற்கு அவரிடம் எளிய சட்டம் இருந்தது. கயிற்றுக்குக் கீழே முளைத்தால் பயணி. வெளியே முளைத்தால் டிக்கெட் இல்லாதவன். காதைப் பிடித்து இறக்கிவிட வேண்டும்.

மூன்று வாரம் கழித்து அப்படி இறக்கிவிட்டுக்கொண்டிருந்தபோது மருமகள் தேநீரோடு வந்தாள். அவர் பிடுங்கிக் குவித்ததைப் பார்த்ததும் டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"மாமா, அது வந்து..."

"கயித்துக்கு வெளிய நிக்குதும்மா."

"இல்ல மாமா, எங்க வீட்டுல அந்த நீலப்பூச் செடி முளைக்கிறப்ப இப்படித்தான், மயிரிழையாட்டம்..."

"மண்ணுக்கு மண்ணு மாறும்மா. கயிறு மாறாது. இங்க பாரு." கயிற்றின் கீழே வட்ட வட்டமாக, தளதளவென்று நின்ற கன்றுகளைக் காட்டினார். "எப்படி வந்திருக்கு. உங்கப்பா பாத்தா அசந்துடுவார்."

மருமகள் குனிந்தாள். "குப்பைய நான் எடுத்துப் போட்டுடறேன் மாமா" என்று குவியலை முந்தானையில் வாரிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனாள். பெண் வேலைக்கு அலுக்காதவள் என்று அவருக்குத் திருப்தி.

வட்ட இலைகள் நாளுக்கு நாள் கொழுத்தன. ஸ்டேஷன் மாஸ்டர் தொலைபேசியை எடுத்தார். "சம்பந்தி, எல்லார் கைக்கும் வராதுன்னீங்களே. ஒரு நடை வந்து பாத்துட்டுப் போங்க."

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வர்றோம்" என்றார் பல் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு மனைவி பாத்தியோரம் கடைசிச் சருகை வாரிக்கொண்டிருந்தாள். "அந்தக் கயித்தக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. அன்னிக்கு மாதிரி மாட்டிக்கப் போகுது."

"என்னிக்கு மாதிரி?"

"நீங்க விதை போட்ட மறுநாள். சருகு வாரையில மாட்டிக்கிச்சு. குச்சியப் பிடுங்கி மறுபடி நட்டு வச்சேன்."

"எங்க நட்டே?"

"இங்கதான். ஒரு சாண் முன்னப்பின்ன இருக்கும். மண்ணுதானே, என்ன தண்டவாளமா?"

ஸ்டேஷன் மாஸ்டர் கவிழ்த்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். வட்ட இலைகள் வெயிலில் பளபளத்தன. நாற்பத்தெட்டு ஓட்டை வழியாக அவர் ஊட்டி வளர்த்த களைகள்.

பேச்சைக் கேட்டு வெளியே வந்த மருமகள் அவரைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனாள். விரிசல் விட்ட பழைய பிளாஸ்டிக் தொட்டி நிறைய மயிரிழைக் கன்றுகள் நின்றன. "பொறந்த வீட்டுப் பூ மாமா. தூக்கிப் போட மனசு வரல."

"ஏம்மா சொல்லல?"

"சொல்ல விட்டீங்களா?" என்றாள் பின்னாலேயே வந்த மனைவி.

எல்லாவற்றையும் பிடுங்கி மாற்றி நட நேரமில்லை. வாசலில் கார் நின்றது. ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அந்த வீட்டில் பொய் சொல்லி மரியாதை வாங்கும் பழக்கம் அவர் அப்பா காலத்திலும் இருந்ததில்லை. நேராகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

பல் டாக்டர் மடிப்புக் கலையாத கால்சட்டையோடு பாத்தியருகில் வந்து நின்றார். அவர் மனைவி இரண்டடி பின்னால் வந்தாள்.

"சம்பந்தி, நான் ஒண்ணு சொல்லணும்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"நீங்க ஒண்ணுமே சொல்ல வேண்டாம்." பல் டாக்டர் குனிந்து, ஆடும் பல்லைத் தொட்டுப் பார்ப்பதுபோல் ஒரு வட்ட இலையை இரண்டு விரலால் பிடித்தார். "கண்ண மூடிட்டுச் சொல்லுவேன், இது எங்க தாத்தா செடிதான். இந்தப் பளபளப்பு வேற எதுக்கும் வராது. சம்பந்தி, அன்னிக்குச் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். உங்க கைக்கு வந்திருக்கு."

ஒரு வருடம் காத்திருந்த வார்த்தை வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் வேறு பிளாட்பாரத்தில்.

பல் டாக்டரின் மனைவி களையைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். மகள் ஆகாயத்தைப் பார்த்தாள்.

"முப்பது வருஷமா விடிஞ்சா கிளினிக், இருட்டினா வீடு" என்று சம்பந்தியம்மாள் ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி காதோரம் சொன்னாள். "செடியில வச்சு எப்பப் பாத்தார்? நான் பறிச்சு மேஜையில வச்சப்புறந்தான் பூவத் தெரியும்."

"நம்ம வீட்டுல இந்த வருஷம் ஏனோ முளைக்கவே இல்ல" என்று பல் டாக்டர் தொடர்ந்தார். "கிளினிக்க மூடிட்டேன், சம்பந்தி. தோட்டத்த இனிமே நானே பாத்துக்கறேன்."

"அவர் பாத்த பார்வையிலதான் போச்சு" என்றாள் சம்பந்தியம்மாள், இன்னும் மெதுவாக. "நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த ரெண்டு நாள்ல, களைன்னு ஒண்ணு விடாமப் பிடுங்கிப் போட்டார். விதையும் மிச்சமில்ல."

அது ஸ்டேஷன் மாஸ்டரின் காதிலும் விழுந்தது. சொல்ல வந்த உண்மை நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் அவர் தலை மட்டும் குனியாது. பெற்ற மகள் முன்னால் சம்பந்தியின் தலையும் குனியும். மருமகள் இப்போது ஆகாயத்தை விட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னமோ சொல்லணும்னீங்களே?" என்றார் பல் டாக்டர்.

"ஒண்ணுமில்ல. தேநீர் ஆறுது."

கிளம்பும்போது பல் டாக்டர் இரண்டு கன்று கேட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டு களைகளை வேரோடு தோண்டி, ஈரக் காகிதம் சுற்றி, ஒரு சடங்குபோல இரண்டு கையாலும் கொடுத்தார். பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய், தொட்டியிலிருந்து பாதிக் கன்றுகளை ஒரு சட்டிக்கு மாற்றித் தூக்கி வந்து சம்பந்தியம்மாளிடம் நீட்டினார். அந்த அம்மாள் சட்டியைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"இதென்ன, களையாட்டம் இருக்கு?" என்றார் பல் டாக்டர்.

"கயித்துக்கு வெளிய முளைச்சது. நான் பிடுங்கிப் போட்டத உங்க பொண்ணு எடுத்து வளத்தா." அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. "அவளுக்காகவாவது யாரும் கை வைக்காமப் பாத்துக்குங்க."

"நம்ம பொண்ணு வளத்ததா? சரி, பின்சீட்டுல வைங்க." பல் டாக்டர் தம் இரண்டு களைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். "அடுத்த மாசம் பூக்கறப்ப வர்றோம், சம்பந்தி."

கார் திரும்பி மறைந்தது.

"அடுத்த மாசம் என்னத்தப் பூக்க வைப்பீங்க?" என்றாள் மனைவி.

ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டு குச்சியையும் பிடுங்கினார். கயிற்றைக் கையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். மருமகள் மிச்சக் கன்றுகளோடு தொட்டியை இழுத்து வந்தாள். அவர் பாத்தியோரம் மண்டியிட்டு ஒரு வட்ட இலையின் அடியில் விரலை வைத்தார். பிடுங்கவில்லை. முப்பத்தேழு வருடம் வண்டிகளுக்கெல்லாம் கொடி காட்டியவர், மருமகள் தலையசைக்கக் காத்திருந்தார்.