கன்னி மூலை வாசல்

வீடு பார்க்க வந்த வெங்கடேஷ் செருப்பைக் கழற்றியும் உள்ளே வரவில்லை. கைப்பேசியை உள்ளங்கையில் கிடத்தி, திசைகாட்டியைத் திறந்து, எங்கள் நிலைப்படிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.  போன வாரம் வந்த குடும்பமும் இப்படித்தான் நின்றது, அதற்கு முன் வந்ததும் இப்படித்தான்; இரண்டும் வேண்டாமென்று போய்விட்டன. பொங்கோலில் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். சாயங்கால வெயில் வாசல் வழியாக சோபா வரைக்கும் வரும் என்பது தெரியுமே தவிர, அந்த வாசலுக்குத் தென்மேற்கு என்று, வாஸ்துவுக்கு ஆகாத ஒரு பெயர் இருப்பது வீட்டை விற்கக் கிளம்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி மேடம் கோவுக்குத் திசையும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. அவருடைய மகனுக்குக் கல்யாணம் வருகிறது. கேட்ட விலைக்கு எடுத்துக்கொள்கிறேன், அம்மா பக்கத்திலேயே இருந்த மாதிரி ஆகும் என்று அவன் வந்து நின்றான். ஆனால் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் அரசாங்கம் சீனர்களுக்கு வைத்திருக்கும் விகிதம் நிரம்பிவிட்டது. இந்தியர்களான நாங்கள் அவனுக்கு விற்க முடியாது, இன்னொரு இந்தியருக்கோ மலாய்க்காரருக்கோதான் விற்கலாம். ஓர் இனத்தார் ஓரிடத்திலேயே குவிந்துவிடக் கூடாது என்பதற்கான விதி. நல்ல விதி. தொடக்கப்பள்ளியில் நானே அதைப் பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வீட்டை விற்க வேண்டிய நாள் வரும்வரை எனக்கும் அது நல்ல விதியாகத்தான் இருந்தது. வாங்க ஆசைப்படுகிறவனுக்கு அனுமதி இல்லை, அனுமதி உள்ளவர்கள் திசைகாட்டியோடு வருகிறார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்லி முட்டிக்கொள்வது?

எங்களுக்கு அவசரம். மகள் கவிப்ரியா தோ பாயோவில் இருக்கிறாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை. பேரன் நிதீஷுக்கு மூன்று வயது முடிந்தும் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப்போக, அவன் முரண்டு பிடிக்கும்போது பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். நான் பஸ்ஸும் ரயிலும் மாறிப் போய்ச் சேர்வதற்குள் அவள் பாதி அழுது முடித்திருப்பாள். அவளுடைய புளோக்கிற்கு எதிரிலேயே ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. அதன் சொந்தக்காரர் முத்துசாமி திங்கட்கிழமை வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். இது விற்றால்தான் அதை வாங்க முடியும். இன்று ஞாயிறு.

"அக்கா, நீங்க ஒண்ணும் பேசாதீங்க. நான் பாத்துக்கறேன்," என்று முகவர் ஷபானா முதலிலேயே என் காதைக் கடித்திருந்தாள். என் வாய் அவளுக்குத் தெரியும். என் கணவர் மாணிக்கத்திடம் அதைச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. அவர் பேசாத மனிதர்.

வெங்கடேஷின் மனைவி அனிதா நிறைமாதம். இடுப்பில் கை வைத்தபடி அடுப்படி ஜன்னலில் நின்று காற்றை வாங்கினாள். "நல்லா இருக்குல்லங்க?" என்றாள். எனக்குப் பாதி உயிர் வந்தது. அதற்குள் வெங்கடேஷ் ஊரில் இருக்கும் அப்பாவைக் காணொளியில் அழைத்து வாசலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"கன்னி மூலையிலயாப்பா வாசல் வச்சிருக்கு?" என்றது கைப்பேசி. "அவங்க எதுக்கு விக்கிறாங்கன்னு கேளு."

ஷபானா வாயைத் திறப்பதற்குள் மாணிக்கம் முன்னால் போய்விட்டார். கைப்பேசிக்கே வணக்கம் வைத்தார்.

"எல்லாம் பேரப்பிள்ளைக்காகத்தாங்க ஐயா. மூணு வயசாச்சு, இன்னும் பேச்சு வரல. மக ஒத்தையா கஷ்டப்படுது. நீங்க கொஞ்சம் சீக்கிரமா முடிவு சொன்னீங்கன்னா, நாங்க அது பக்கத்துல போயிருவோம்."

எனக்கு அப்படியே அவர் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும் போலிருந்தது.

"ஆம்பளப் பிள்ளையா?"

"ஆமாங்க ஐயா."

"அது பிறந்தப்ப இந்த வீட்லயா இருந்தீங்க?"

"ஆமாங்க. இங்கதான்."

 "வெங்கி, ஸ்பீக்கரை ஆஃப் பண்ணு," என்றது கைப்பேசி.

வெங்கடேஷ் தாழ்வாரத்துக்குப் போய்ப் பேசினார். அனிதா ஜன்னலை விட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள். இரண்டு கைகளும் வயிற்றின் மேல் இருந்தன. என்னைப் பார்க்கவில்லை. அவளைத் திட்டக்கூட என்னால் முடியவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். "கலந்து பேசிட்டுச் சொல்றோம் அங்கிள்," என்றார் வெங்கடேஷ், மிகவும் மரியாதையாக. அவர்களைக் கீழே வழியனுப்பப் போன ஷபானா கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு வரி அனுப்பினாள். வேண்டாமாம், அக்கா.

"உங்களை யாரு பேசச் சொன்னா?" என்று கத்தினேன். மேடம் கோவின் வீட்டில் டிவி சத்தம் குறைந்தது. "வருஷம் பூரா வாயே தொறக்காத மனுஷன், இன்னிக்குத்தான் தொறக்கணுமா?"

"பிள்ளைக்குன்னா மனசு இரங்கும்னு நினைச்சேன்லா," என்றார்.

நான் மேலும் கத்தினேன். விதியை, வாஸ்துவை, பார்த்தறியாத அந்தக் கிழவரை, திங்கட்கிழமையை. அவர் கதவருகே முக்காலியில் உட்கார்ந்து நிலைப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சந்திரா."

"என்ன?"

"கவி பிரசவத்துக்கு முன்னாடியே இங்க வந்துருச்சுல்ல? எத்தனாவது மாசம் வந்துச்சு?"

பைத்தியமா உங்களுக்கு என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். ஆனால் அந்தக் கிழவர் கேட்ட நிமிடமே நானும் மனதுக்குள் மாதத்தை எண்ணிப் பார்த்திருந்தேன்.

மேசையில் கைப்பேசி அதிர்ந்தது. கவிதான். என்ன சொன்னார்கள் என்று கேட்பாள். எடுத்தேன். அவளுடைய குரலுக்குப் பின்னால் நிதீஷ் எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தான்.

"ம்மா, வந்தாங்களா?"

மாணிக்கம் எழுந்து, தூங்கப் போகும்வரை நாங்கள் சாத்தியே பழகாத அந்தக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். சோபா வரை வந்திருந்த வெயில் போய்விட்டது.