இரண்டு இடது கைகள்

தையல் மிஷின் பாபினில் நூல் மறுபடியும் சிக்கிக்கொண்டது. மகள் அதைப் பல்லால் கடித்து இழுத்தாள். பக்கத்து அறையில் அப்பா படுத்திருந்தார், வாழ்க்கையிலேயே முதல்முறையாக யாரையும் எதுவும் கேட்காமல்.

அப்பாவை எடுத்துப்போக மதியம் வண்டி வந்துவிடும். அதற்குள் அவர் தைத்துக்கொண்டிருந்த சட்டையை முடித்து அவருக்குப் போட்டுவிட வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். உடம்பு தைத்தாயிற்று, காலர் வைத்தாயிற்று, பட்டன்கூடக் கட்டியாயிற்று. சட்டைக் கைகள் இரண்டும் வெட்டி மடித்து மிஷின் மேலேயே இருந்தன. அவற்றைத் தோளில் வைத்துத் தைப்பது ஒன்றுதான் பாக்கி.

கடைக்குப் போய் நல்ல சட்டையாக ஒன்று வாங்கி வருகிறேன் என்று தம்பி சொல்லிப் பார்த்தான். அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு வருஷமா இந்த மிஷின் சத்தத்துல தூங்கி எழுந்தவ நான். இப்ப போய் கடைச் சட்டயா? அவர் தச்சதுதான் அவர் மேல இருக்கணும்."

அதற்கு மேல் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேர் அவர் புண்ணியத்தில்தான் மேலே போய்ப் பத்திரமாகக் கீழே வந்துகொண்டிருந்தார்கள். ஓய்வு பெற்றதும் மனிதர் நாற்காலியில் சாய்ந்துவிடுவார் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அவரோ தையல் கற்றுக்கொள்ளக் கிளம்பினார். பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தின் மாடியில் மாலை வகுப்பு. அங்கே லிஃப்ட் பல காலமாக ஓடவில்லை. சேர்ந்த வாரமே அதைச் சரிசெய்துவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுத்தார்.

இந்த வயதில் எதற்கு இப்படி அலைய வேண்டும் என்று தம்பி ஓர் ஆன்லைன் வகுப்புக்குச் சந்தா கட்டி, டேப்லெட்டில் ஏற்றிக் கொடுத்தான். வகுப்பை விட்டுவிடுவார் என்பது அவன் கணக்கு. அப்பா இரண்டையும் பிடித்துக்கொண்டார். வகுப்பில் சொன்னதை ஆன்லைனில் கேட்பார். ஆன்லைனில் பார்த்ததை வகுப்பில் கேட்பார். ஏன்பா இப்படி என்றால், ரெண்டு பேரும் ஒண்ணுதான் சொல்றாங்களான்னு பாக்கணும்ல என்பார். வகுப்பில் அவருக்கு டவுட்டு என்று பெயர் வைத்தார்கள். ஆன்லைன் குழுவிலும் அதே பெயர்தான். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்ததுகூட இல்லை.

சந்தேகம் கேட்பதற்கு முன்னால் அவருடைய வலது தோள் லேசாக மேலே ஏறும். கை பிறகுதான் உயரும். தோள் ஏறுவதைப் பார்த்தாலே அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். நேற்றுப் படுக்கும்போது, நாளைக்கு மழை வருமா என்று கேட்டிருக்கிறார். வந்தா பாத்துக்கலாம் என்றிருக்கிறாள் அம்மா. எத்தனை மணிக்கு வரும், கொடியில் துணி இருக்கிறதா, குடை எங்கே என்று வரிசையாக வர வேண்டிய கேள்விகள் எதுவும் வரவில்லை. அதில்தான் அம்மாவுக்குத் தெரிந்தது.

மகளின் போன் அதிர்ந்தது. அலுவலகம். அவள் சந்தை ஆய்வு செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தாள். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், ஓய்வு பெற்ற பிறகு படிப்பவர்கள் என்று வாழ்நாள் முழுக்கப் படிக்கும் கூட்டம் எவ்வளவு பெரியது, அதில் ஆன்லைன் எவ்வளவு, நேரில் போய்ப் படிப்பது எவ்வளவு என்று ஓர் அறிக்கை. ஆன்லைனுக்கு நீலப் பட்டை, வகுப்பறைக்கு ஆரஞ்சுப் பட்டை. நீலம் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது, ஆரஞ்சு இறங்கியது. மேலாளர் முதலில் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்திருந்தார். அடுத்த வரியில், எது பெரிசுன்னு கடைசிப் பக்கத்துக்கு ஒரே ஒரு வரி மட்டும் முடிஞ்சா அனுப்பும்மா என்று கேட்டிருந்தார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, அவர் பாடு அவருக்கு.

போன வாரம் சாப்பிடும்போது அப்பா அந்தப் பட்டைகளை எட்டிப் பார்த்தார். தோள் ஏறியது.

"இதுல நான் எங்கம்மா இருக்கேன்?"

"நீலத்துல."

"ஆரஞ்சுல இல்லயா?"

"ஒரே ஆள ரெண்டு இடத்துல போட முடியாதுப்பா."

"நான் ரெண்டு இடத்துலயும் இருக்கேனே."

அப்படிப்பட்டவர்கள் ரொம்பக் குறைவு, கணக்கில் வர மாட்டார்கள் என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவரும் சிரித்தார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு பாபினை மறுபடி கையில் எடுத்தாள்.

தம்பி டேப்லெட்டைக் கொண்டுவந்து மிஷின்மேல் சாய்த்து வைத்தான். கை வைக்கும் பாடம் ஓடியது. சொல்லிக்கொடுப்பவர் சிரித்த முகமாக, எல்லாம் சுலபம் என்பதுபோல் தைத்துக்கொண்டே போனார். மகளுக்கு ஊசியில் நூலைக் கோக்கவே நாலு தடவை ஆயிற்று. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அம்மா வாசலுக்கும் மிஷினுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் மாலை வகுப்பே கிளம்பி வந்து சேர்ந்தது. முன்னால் தையல் டீச்சர், பின்னால் அப்பாவோடு படிக்கும் பேக்கரிக்காரர், அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். உள்ளே போய் அப்பாவைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார்கள். பேக்கரிக்காரர் வாய்விட்டே அழுதார். வெளியே வந்த டீச்சர், மகள் கையிலிருந்த பாபினைப் பார்த்தாள். துக்கம் கேட்க வந்தவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து சொந்தக் கத்தரியை எடுத்துவிட்டாள். அப்பாவை விட அவளுக்கு இருபது வயதாவது குறைவு. ஆனாலும் மிஷினிடம் வந்துவிட்டால் எல்லோரும் அவளுக்குக் குழந்தைகள்தான்.

"நகருங்க. இதுக்குப் போயா இவ்வளவு பாடு?"

முதல் கையைத் தோளில் வைத்து ஊசி குத்தினாள். அழகாக உட்கார்ந்தது. இரண்டாவதை எடுத்து வைத்தாள். உட்காரவில்லை. திருப்பி வைத்தாள். அப்போதும் இல்லை. இரண்டு கைகளையும் மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அழுகிறாளோ என்று மகள் தோளைத் தொட்டாள். டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்கோங்கம்மா" என்றாள் அம்மாவிடம். "ரெண்டும் இடது கை. சார் ரெண்டு இடது கை வெட்டி வச்சிருக்கார்."

எப்படி என்று யாருக்கும் புரியவில்லை. ஒன்றில் வெள்ளைச் சாக் கோடு இருந்தது. அது என் முன்னால் வெட்டினது, இடது கை, வலதை நாளைக்கு வெட்டுங்கன்னு சொல்லி அனுப்பினேன் என்றாள் டீச்சர். இன்னொன்றில் நீலச் சாக். அது ஆன்லைன்காரர்கள் பெட்டியில் வைத்து அனுப்பியது. வகுப்பு முடிந்து வந்து, வலதை வீட்டில் டேப்லெட்டைப் பார்த்து வெட்டியிருக்கிறார்.

தம்பி டேப்லெட்டில் ஆன்லைன் குழுவைக் கூப்பிட்டான். கொரியர் வேலை பார்க்கும் ஒருவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஹெல்மெட்டோடு திரையில் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைக்கப் போய் ஹெல்மெட்டில் தட்டிக்கொண்டார்.

"அந்தப் பாடத்துல வலது கை மட்டும்தான் வெட்டிக் காட்டுவாங்க, அதுவும் செல்ஃபி கேமரால எடுத்ததுங்க. வலது இடதா தெரியும், இடது வலதா தெரியும். எங்க குழுவுல எல்லாருமே ஒரு தடவ ரெண்டு இடது கை வெட்டினவங்கதான். டவுட்டு ஒருத்தர்தான் தப்பிச்சிடுவார்னு நெனச்சோம்."

பேக்கரிக்காரர் இருமுவதுபோல் சிரித்தார். தம்பி தன் சந்தாவை நினைத்துத் தரையைப் பார்த்தான். அம்மா மேசைக்கு வந்து இரண்டு கைகளையும் தடவிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணுதான் சொல்றாங்களான்னு கேட்டுக்கிட்டே இருந்தார்" என்றாள். "ஒண்ணேதான் சொல்லியிருக்கீங்க போல."

அதற்கப்புறம் சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை. துக்கம் விசாரிக்க வந்த எதிர்வீட்டுக்காரர் வாசலிலேயே தயங்கி நின்றார், வீடு மாறி வந்துவிட்டோமோ என்று.

சிரிப்பு அடங்கியதும் சட்டை அப்படியே கிடந்தது. வலது கை வெட்டத் துணி மிச்சமில்லை. மீதியை மிஷினுக்கு உறையாகத் தைத்துவிட்டார் அப்பா, அதையும் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுப்போட்டு. கொரியர்க்காரர், நீலச் சாக் கையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டால் வலது தோளில் சரியாக உட்காரும் என்றார். கட்டம் போட்ட துணி, உள்பக்கம் வெளிறியிருந்தது. ஒரு கை சாயம் போனதுபோல் தெரியும் என்று டீச்சர் மறுத்தாள். அப்படியே வைத்தால் தோளில் சுருக்கம் விழும் என்றார் அவர். சுருக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் அவள். இரண்டு பேருக்கும் இடையில் டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு தம்பி நின்றான். கடைசியில் டீச்சருக்கே மனசு விட்டுப்போனது. என் வகுப்புச் சட்டை இப்படி வெளியே போக வேண்டாம், கடையிலேயே ஒன்று வாங்கிவிடுங்கள் என்று கத்தரியைப் பைக்குள் போட்டாள். வகுப்பு முடியும் நாளில் எல்லோரும் தாங்கள் தைத்ததைப் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்பது அவள் வகுப்பின் வழக்கம். அந்த நாளைப் பற்றி அப்பா பேசாத நாளில்லை.

அம்மா மகளைத்தான் பார்த்தாள். காலையிலிருந்து பிடித்த பிடிவாதமெல்லாம் அந்த முகத்தில் இப்போது இல்லை. அதைப் பார்க்கத்தான் மகளுக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டும் அப்பா வெட்டினதுதானே. திருப்பவும் வேணாம், வாங்கவும் வேணாம். எப்படி வெட்டினாரோ அப்படியே தைங்க."

டீச்சர் கத்தரியை மறுபடி வெளியே எடுத்தாள். வெள்ளைச் சாக் கையை ஒரே ஓட்டத்தில் தைத்து முடித்துவிட்டு எழுந்து, நாற்காலியை மகள் பக்கம் தள்ளினாள்.

"இன்னொரு கைய நீங்க தைங்க."

எனக்குத் தெரியாது என்றாள் மகள். தெரியாதவங்கதானே வகுப்புக்கு வருவாங்க என்றாள் டீச்சர். பேக்கரிக்காரர் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டார், மாவு பிசைந்த கைகள், அசையவில்லை. தம்பி டேப்லெட்டைத் துணிக்கு நேராகக் காட்டினான். கொரியர்க்காரர், மெல்ல மெல்ல, கால எடுங்க, இப்ப அமுத்துங்க என்று ஓட்டுநர் பயிற்சி கொடுப்பதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சரின் விரல் அவள் விரலுக்கு முன்னால் நகர்ந்தது. வளைவில் ஓரிடத்தில் தையல் ஓடி வெளியே போனது. பிரித்துத் தைக்கலாமா என்று மகள் நிமிர்ந்து பார்த்தாள். இருக்கட்டும் என்று தெருவோரத்திலிருந்தும் நாற்காலிக்குப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

தம்பியும் பேக்கரிக்காரரும் அப்பாவுக்குச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். மகள் வெளியே நின்று மேலாளருக்கு எழுதினாள்: ரெண்டு பக்கமும் இருக்கறவங்கள நான் ஒரே பக்கமா தள்ளிட்டேன் சார். திருத்தணும். அந்த ஒரு வரிக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அனுப்பிவிட்டு போனை அணைத்தாள். தெருமுனையில் வண்டி திரும்புவது தெரிந்தது.

உள்ளே அப்பா கட்டம் போட்ட சட்டையில் படுத்திருந்தார். காலர் நிமிர்ந்திருந்தது, பட்டன்கள் ஒரே கோட்டில் இருந்தன, இடது கை வழவழவென்று இறங்கியிருந்தது. வலது தோளில் மட்டும் துணி சுருங்கிப் புடைத்து, தோளே லேசாக மேலே ஏறினதுபோல் நின்றது. அம்மா அதை உள்ளங்கையால் அமுக்கிவிட்டாள். கையை எடுத்ததும் அது பழையபடி எழும்பியது. இன்னொரு முறை அமுக்கப் போனவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

வண்டிக்காரர்கள் வந்து தூக்கக் குனிந்தார்கள். சுவரோரம் நின்றிருந்த டீச்சரின் கண் அந்தத் தோளில் பட்டது. யோசிக்காமல், வகுப்பில் சொல்லிப் பழகின குரலிலேயே சொல்லிவிட்டாள்.

"சொல்லுங்க சார்."

குனிந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அறையில் எல்லோரும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள்.