வெள்ளைக் காரின் சொந்தக்காரர் உடனே வரவும்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. சாலைப் பாதுகாப்பு வார மலருக்குக் கட்டுரை கேட்டார்கள்: 'பேருந்தை மறித்து வண்டி நிறுத்துபவருக்கு எது நியாயமான தண்டனை?' ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியன், நாலு சிறுகதைத் தொகுப்பு போட்டவன். குடவாசலில் வேறு யாரைக் கேட்பார்கள்? அபராதம் காரின் விலைக்கு ஏற்ப ஏற வேண்டும், காத்திருந்த பயணிகளின் எண்ணிக்கையால் அதைப் பெருக்க வேண்டும் என்றெல்லாம் ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டேன். நன்றாகத்தான் வந்தது. அதுதான் எரிச்சல். போன மாதம் கடைத்தெருவில் கும்பகோணம் பஸ்ஸை மறித்து நின்ற வெள்ளைக் கார் என்னுடையது.

2

முதல் தொடக்கம்: 'ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு ஐம்பது பஸ் புறப்பட்டபோது வானம்

(வானத்துக்கு இங்கே என்ன வேலை?)

இரண்டாம் தொடக்கம்: 'அண்ணாதுரை திமிர் பிடித்த ஆள்.' இவனை மூன்று பக்கம் வளர்த்தேன். கையில் தங்கச் சங்கிலி, காதில் ஓயாத போன், வட்டிக்கடை. படிக்கிற எவருக்கும் அவனை அறையத் தோன்றும். எனக்கே தோன்றியது. எனக்குப் பதிலாக அடி வாங்க ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. அண்ணாதுரையைக் கிழித்துப் போட்டேன்.

3

நடந்தது இதுதான். கோவிந்தராசு வீட்டுக் கல்யாணம். மண்டபத்து வாசலில் இடமில்லை. எதிரே, தெரு வளைகிற இடத்தில் நிறுத்தினேன். அஞ்சு நிமிஷம்தானே.*

பஸ் வந்தது. திரும்ப முடியவில்லை. உள்ளே ஐம்பது பேராவது இருந்திருப்பார்கள். அதில் ஒருத்தி கயல்விழி. அப்பா வீரையன் ஊரார் வயலுக்கெல்லாம் மருந்தடித்துப் படிக்க வைத்த பெண். கடைத்தெரு டைப்பிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டே மூன்று வருடம் அரசுத் தேர்வுக்குத் தயாரானவள். அன்று தேர்வு, கும்பகோணத்தில். ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். பஸ் இருபத்திரண்டு நிமிடம் நின்றது. அவள் ஒன்பது ஏழுக்குப் போய்ச் சேர்ந்தாள். உள்ளே விடவில்லை.

நாதஸ்வரச் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. [இந்த வரியை நினைவில் வையுங்கள்.]

* கல்யாணச் சாப்பாட்டுக்கு உள்ளே போன எவனும் அஞ்சு நிமிடத்தில் வெளியே வந்ததில்லை. எனக்கும் தெரியும்.

4

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? என் கோழிக்கிறுக்கலைப் படிக்க இந்த ஊரில் ஒரே ஆள்தான் உண்டு. ஆறு வருடமாக என் கதைகளை டைப் அடிப்பவள் கயல்விழி. கடைக்கு நான் நடந்தே போவதால் என் காரை அவள் பார்த்ததில்லை. கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் போனேன்.

"பரீட்சை எப்படிம்மா எழுதுன?"

"எங்க சார் எழுதுனேன்? எவனோ கார நிறுத்திட்டு உள்ள தின்னுக்கிட்டு இருந்தான். கண்டக்டர் இராஜாங்கம் அண்ணன் ரெண்டு தடவ போயி மைக்குல சொல்லிட்டு வந்தாரு. வரவே இல்ல."

"ச்சே, என்ன ஜென்மங்களோ" என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். நாக்கு கூசவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அந்த ஆளுக்கு என்ன தண்டனை குடுக்கலாங்கற?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஐநூறு ஃபைன் போட்டாங்களாம். அத விடுங்க சார். மைக்குல கூப்ட்டது காதுல விழுந்துச்சா இல்லையா? விழுந்துச்சுன்னா ஏன் எந்திரிக்கல? அத என் மூஞ்சியப் பாத்து சொல்லட்டும். வேற ஒண்ணும் வேணாம்."

5

மூன்றாம் பகுதியில் நினைவில் வைக்கச் சொன்ன நாதஸ்வர வரி பொய். முகூர்த்தம் முடிந்து, மேளக்காரர்களும் என் வரிசையில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வெள்ளக் காரு, மூணு ஆறு ஒண்ணு எட்டு. ஓனர் உடனே வரவும். பஸ்ஸு நிக்குதுங்க."

கேட்டது. இரண்டாம் தடவையும் கேட்டது. பந்தியில் பாதியில் எழுந்தால் பக்கத்து இலைக்காரருக்கு அவமரியாதை, கல்யாண வீட்டாருக்கு மனக்கஷ்டம். கோவிந்தராசு வேறு, "அசோகா வருது, உக்காருங்க" என்று எல்லா இலைக்கும் சொல்லிக்கொண்டே போனார்.

இது பாதிக் காரணம். மீதி: எழுந்தால் அந்த ஆள் நான்தான் என்று பந்தி முழுக்கப் பார்க்கும். உட்கார்ந்திருந்தேன். அசோகா வந்தது. பாசிப்பருப்பும் நெய்யுமாக இனிப்பு நன்றாக இருந்தது. கை கழுவிவிட்டு, கோவிந்தராசு மகன் சேரனிடம் சாவியைக் கொடுத்து வண்டியை எடுக்கச் சொன்னேன். பஸ்ஸில் இருந்தவர்கள் அவனைத்தான் திட்டினார்கள். அபராதத்தைப் போனிலேயே அரை நிமிடத்தில் கட்டினேன். வலிக்கவே இல்லை.

6

முடிவு ஒன்று: அடுத்த வருடம் கயல்விழி தேர்வில் ஜெயித்து, தாலுகா ஆபீஸில் (இது என் நிம்மதிக்கு. வேண்டாம்.)

முடிவு இரண்டு: நான் காரை விற்றுவிட்டு தினமும் அதே பஸ்ஸில் (இதுவும்.)

மூன்றாவது முடிவு என் மேசையில் கிடக்கிறது. கட்டுரைக்குப் பதில் இதைத்தான் மலருக்குத் தரப்போகிறேன். டைப் அடித்துத் தரச் சொல்கிறார்கள். கயல்விழியின் கடை நடக்கிற தூரம். முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னாள். காகிதத்தை நீட்டுவது அதில் பாதிகூட ஆகாது. அந்தப் பாதிக்கே கால் எழவில்லை. கும்பகோணத்தில் என்னை யாரென்றே தெரியாத கடைகள் இருக்கின்றன. எழுத்து புரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து நானே வாசித்துக் காட்டலாம். ஏழு ஐம்பதுக்கு பஸ்.

நீங்கள் இதை அச்சில் படிக்கிறீர்கள். அப்படியென்றால் யாரோ ஒருவர் இதை ஒவ்வொரு எழுத்தாக அடித்து முடித்திருக்கிறார். யார் என்று என்னைக் கேட்காதீர்கள். பந்தியில் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று படித்தீர்களே, உங்களுக்கே தெரியும்.