அம்மா எங்கிருந்து பேசுகிறாள்

படகுத்துறையில் அறிவிப்புச் சொல்கிறவளின் முகம் யாருக்கும் தெரியாது. குரலைத் தெரியாதவர் கிடையாது. ஆற்றின் மேல் பனிமூட்டம் இறங்கி, எது தண்ணீர், எது கரை என்றே புரியாத காலை வேளைகளில், "பயணிகள் சற்றுப் பொறுத்திருக்கவும்" என்று அவள் சொன்னால் சிடுமூஞ்சிகள்கூட வாயை மூடிக்கொண்டு பொறுத்திருப்பார்கள். அப்படி ஒரு குரல்.

அந்தக் குரலைக் கேட்டு, அவள் பெற்ற பிள்ளையே வீல் வீலென்று அலறினால் எப்படி இருக்கும்?

வீடு துறைக்கு எதிரே, இரண்டாம் மாடியில். ஜன்னலைத் திறந்தால் ஆறு, மூடினாலும் ஒலிபெருக்கி. பிரசவ விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியபோது அதுவே பெரிய வசதியாகிப் போனது. இரவெல்லாம் ரொட்டி அடுப்பில் வெந்துவிட்டு வரும் கணவன், மகளை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவான். மகளுக்கு முறையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. வாயில் வருவதென்னவோ 'வாலு'தான். தெருவைத் தாண்டி அம்மாவின் குரல் மிதந்து வந்ததும் வாலு விரலைச் சப்பியபடி சொக்கிப் போவாள். மறுகரைப் படகு, தீவுப் படகு, தாமதமாகும் படகு எல்லாமே அவளுக்குத் தாலாட்டு.

ஏழாம் மாதம் எல்லாம் தலைகீழானது. அறிவிப்பு வந்தால் அழுகை. பால் வேண்டாம், கிலுகிலுப்பை வேண்டாம், தூக்கமும் வேண்டாம். அம்மா வீட்டில் இருந்தாலோ வாலு இடுப்பை விட்டு இறங்க மாட்டாள். அம்மா குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே பிரளயம்.

பல் முளைக்கிறது என்றாள் நாத்தனார். வயிற்றுவலி என்றார் பக்கத்து வீட்டுக்காரர், கேட்காமலேயே. தடுப்பூசி போடும் நர்ஸ் வாய், காது, வயிறு எல்லாம் பார்த்தாள். "உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. புதுசா என்னமோ பிடிபடுது இவளுக்கு. அப்படிப் பிடிபடற நேரத்துல குழந்தைங்க படுத்தத்தான் செய்யும்" என்றாள். என்ன பிடிபடுகிறது என்று கேட்பதற்குள் அடுத்த குழந்தை ஊசிக்கு வந்துவிட்டது.

"உன் குரல் கேட்டா போதும், ஆரம்பிச்சுடறா" என்று கணவன் ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் சொல்லிவைத்தான். அது அவள் மனதில் முள்ளாய்த் தைத்தது. ஒலிபெருக்கி வழியாக வரும்போது என் குரல் பூதம் மாதிரி கேட்கிறதோ? பிள்ளை என்னைக் கண்டு பயப்படுகிறாளோ?

அன்றிலிருந்து வீட்டில் வாயைத் திறப்பதை விட்டாள். பிள்ளைக்குப் பயம் தெளியட்டுமாம். தூக்குவாள், அணைப்பாள், பால் கொடுப்பாள். கொஞ்சல் கிடையாது, பாட்டு கிடையாது. புருஷனிடம்கூடச் சைகைதான். ஊருக்கெல்லாம் பேசிவிட்டுப் பெற்ற பிள்ளையிடம் ஊமையாக இருப்பது என்ன கொடுமை! வாலு அவள் முகத்தையே உற்றுப் பார்ப்பாள். பிஞ்சு விரலை விட்டு உதட்டைப் பிரித்துப் பார்ப்பாள். ஒன்றும் வராது. பிறகு வாலுவின் உதடு பிதுங்கும், அழுகை முன்னிலும் பலமாக வரும்.

பொறுக்க மாட்டாமல் மேலாளரிடம் போய் நின்றாள். "எனக்கு மைக் வேண்டாம் சார். டிக்கெட் கவுண்டர்ல போட்டுடுங்க."

"உனக்கென்ன பைத்தியமா? இந்தக் குரலை வச்சுக்கிட்டு டிக்கெட் கிழிக்கப் போறியா? நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம். அப்பவும் இதையே சொன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்."

மறுநாள் மூட்டம் ஜன்னல்வரை ஏறியிருந்தது. அறிவிப்பு அறையின் கண்ணாடிக்கு அப்பால் ஆறும் இல்லை, படகும் இல்லை. எங்கிருந்தோ ஒரு படகின் சங்கொலி மட்டும் நீந்தி வந்தது. இதுதான் கடைசிக் காலை என்று அவள் ஒலிவாங்கியை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அப்போது வெண்மைக்குள்ளிருந்து கணவன் வந்தான், சட்டையில் மாவோடு, தோளில் வாலுவோடு.

"இவ பயப்படல" என்றான் மூச்சிரைக்க. "இன்னிக்குத் தூங்காம கவனிச்சேன். உன் குரல் வந்ததும் முதல்ல சிரிக்கறா. அப்புறம் வாசக்கதவைப் பார்க்கறா. எட்டி எட்டிக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் பார்க்கறா. நீ இல்லேன்னதும்தான் அழறா. உன்னைத் தேடறா, அவ்வளவுதான்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முன்பெல்லாம் குரல் கேட்டால் அம்மா அங்கேயே இருந்தாள். இப்போது அம்மா போகிற இடம் என்று ஒன்று இருப்பது பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. உலகத்தில் தூரம் என்று ஒன்று முளைத்திருக்கிறது, பாவம், அதற்குள் தன்னந்தனியாக மாட்டிக்கொண்டு தவிக்கிறாள். நான் என்ன செய்தேன்? பகலில் முகமில்லாத குரலைக் கொடுத்தேன், மாலையில் குரலில்லாத முகத்தைக் கொடுத்தேன். அட மக்கே!

மேசையில் சிவப்பு விளக்கு எரிந்தது. அறிவிப்பு நேரம். "வெளியே போய்க் கண்ணாடிக்கிட்ட நில்லுங்க. அவளுக்கு என் வாய் தெரியணும்" என்றாள்.

"மறுகரைக்குச் செல்லும் பயணிகளின் கவனத்திற்கு." வெளியே, தலைக்கு மேலே, குரல் எழுந்தது. வாலு வெடுக்கென்று ஒலிபெருக்கியைப் பார்த்தாள். உதடு பிதுங்கத் தொடங்கியது. பிறகு கண்ணாடிக்குள் அசைகிற வாயைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். வாயைப் பார்த்தாள். பிதுங்கிய உதடு அப்படியே நின்றது.

"மூட்டம் காரணமாகப் படகு சற்றுத் தாமதமாகும்." வாலு கண்ணாடியில் அம்மாவின் வாய் இருந்த இடத்தில் சப்பென்று கையை வைத்தாள், பல்லில்லாத வாயைத் திறந்து கெக்கெக்கென்று சிரித்தாள். அதற்குமேல் அம்மாவால் முடியவில்லை. "பயணிகள் சற்றுப்..." என்பதற்குள் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வெடித்து, ஒலிபெருக்கி வழியே மூட்டம் முழுவதும் பரவியது. கண்ணுக்குத் தெரியாத படித்துறைகளில் கண்ணுக்குத் தெரியாத ஆட்களும் காரணம் தெரியாமலே சிரித்தார்கள்.

மேலாளர் அடித்துப் பிடித்து ஓடி வந்தார். "என்னம்மா இது? முடிவா என்னதான் சொல்றே?"

"தீவுப் படகுக்கு அறிவிப்பு இருக்கு சார், அப்புறம் பேசலாம்."

நாளைக்கும் வாலு அழுவாள், அது அம்மாவுக்குத் தெரியும். தேடுகிறவள் அழத்தான் செய்வாள். அதற்கென்ன, சாயங்காலம் வீட்டுப் படி ஏறும்போதே பேசிக்கொண்டு ஏறலாம். கதவைத் திறந்ததும் அந்தக் குரலோடு முகமும் வரும்.