சிலந்தி அலாரம்

…சிலந்திதான், வேறென்ன, ஆண்டர்சன்பேட்டை மேன்ஹோலுக்கென்றே ஒரு சிலந்தி பிறந்திருக்கிறது, சென்சாருக்கு நேர் கீழே வலையைப் பின்னிவிட்டு ஊரைக் கூட்டுகிறது சனியன், என்று அலுத்துக்கொண்டே கண்ட்ரோல் ரூமில் சுமா மவுஸை நகர்த்தினாள். திரையில் சாக்கடை மட்டத்தைக் காட்டும் பச்சைக் கோடு மூன்று தடவை வெடுக் வெடுக்கென்று எழும்பி விழுந்து, அப்புறம் ஒரேயடியாக உச்சிக்குப் போய்ச் சிவந்து நின்றது. நிஜமாகவே நிரம்பினால் இப்படியா ஏறும், பால் பொங்குகிற மாதிரி மெல்ல அல்லவா… சென்சாருக்கு என்ன தெரியும் பாவம், மேன்ஹோல் சுவரில் நீட்டிக்கொண்டு கீழே சத்தத்தை அனுப்பும், அது எதில் பட்டுத் திரும்புகிறதோ அதுதான் தண்ணீர் என்று சாதிக்கும். 'பார்த்தாயிற்று' பொத்தானை அழுத்தினால் சிவப்பு போய்விடும், காரணம் கேட்டால் பூச்சி என்று தட்டிவிடலாம், எத்தனையோ தரம் தட்டியிருக்கிறாள், இன்ஜினியர் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. ஆனால் பாலகாட் பம்ப்பின் தொட்டி வேறு நிரம்பிக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்சம் ஏறினால் பம்ப் தானாக ஓடும், அந்தப் பக்கத்துக் கழிவு மொத்தமும் இந்த மேன்ஹோல் வழியாகத்தான் பாயும், ஒருவேளை அடைப்பாகவே இருந்து கடைத்தெருவில் வழிந்துவிட்டால் யார் ஏச்சு வாங்குவது… எதற்கும் கேட்டுவிடலாம் என்று, அந்த லைனில் வேலை பார்க்கும் மேஸ்திரி ஃப்ரெடிக்குப் போன் போட்டாள்.

"இன்னாக்கா?" பின்னால் ஆட்டோ சத்தம். சென்சாரைக் கொஞ்சம் துடைத்துவிடு என்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள், "அதான் மூணு மணி குட்த்தமே, பாக்கல? மாணிக்கராஜ் உள்ள இருக்கறான். பலகைய மூணு தபா காட்டிட்டுத்தான் எறக்கனோம், எப்பவும் மாரி," என்றான். உள்ளே என்றால்… எங்கே உள்ளே? ஆள் இறங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, அடைப்பு எடுக்க மெஷின் வாங்கி ஷெட்டில் நிற்கிறது, அட, இந்த அறையையே ஆள் இறங்காமல் இருக்கத்தானே போட்டார்கள். மூன்று மணி… ஊர்த் தங்கச் சுரங்கத்தில் மூன்று மணி அடித்தால், ஆளை இறக்கும் கூண்டு இருக்கிறதே, அந்தக் கேஜில் ஆள் ஏறியிருக்கிறது, மேலே மெஷின் ஓட்டுகிறவனே பார்த்து ஓட்டு என்று அர்த்தம், அப்பா அங்கே ஷாஃப்ட்டில், கேஜ் இறங்கும் குழியில், அந்த மணியை அடித்தவர், அவளுக்குத் தெரியாத பாஷையா? அவள் கண்ணெதிரே, ஒன்று, இரண்டு, மூன்று என்று சென்சாருக்குக் கீழே பலகையைக் காட்டிக் கோட்டை எழுப்பியிருக்கிறார்கள், அவள் பூச்சி என்றிருக்கிறாள். அப்படியானால் உச்சியில் நிற்கிற அந்தச் சிவப்புக் கோடு தண்ணீர் இல்லை, வலை இல்லை, மாணிக்கராஜ் அண்ணனின் தலை. பக்கத்து வீடு, லதாவின் புருஷன், காலையில் குழாயடியில் இன்னா சுமா டூட்டிக்கா என்று கேட்டவர். கோடு கொஞ்சம் அசைகிறது, குனிகிறாரா, நிமிர்கிறாரா… ஐயோ, பம்ப்.

தொட்டி நிரம்பி, பம்ப் ஓடுகிற மட்டத்தைத் தொட்டேவிட்டது. அவசரத்தில் மவுஸ் எங்கோ போயிற்று, 'நிறுத்து' என்றால், நிச்சயமாகவா என்று திரும்பக் கேட்டது, கேட்கிற நேரத்தைப் பார், நிச்சயம்தான் என்று அடித்தாள். பம்ப்பின் விளக்கு பச்சையாகி அணைந்தது. ஓடியதா, எவ்வளவு ஓடியது, ஒரு ஆளைப் புரட்டிப் போட எவ்வளவு போதும்? "ஃப்ரெடி, அவர வெளிய எடு, எடு மொதல்ல." கயிறு, கயிறு என்று யாரோ கத்துவது கேட்டது. திரையில் கோடு உச்சியிலேயே நின்றது, நின்றது, சட்டென்று அடியில் விழுந்தது. ஆள் வெளியே வந்தாலும் கோடு விழும், ஆள் உள்ளே சரிந்தாலும் இதே கோடு இதே மாதிரிதான் விழும், ஊரில் இருக்கிற ஒவ்வொரு சாக்கடையும் எனக்குத் தெரிகிறது என்று மார்தட்டிக்கொண்ட இந்தத் திரைக்கு அது தெரியவே தெரியாது. போனைக் காதில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருமல் சத்தம் கேட்டது. யாரோ காறித் துப்பினார்கள்.

"இன்னா சுமா, எதுக்கு இப்டி கத்தற," என்றார் மாணிக்கராஜ். அழுகை வந்தது அவளுக்கு, இந்த மனுஷனைக் கட்டிப்பிடித்து நாலு அடி போடலாம் போலிருந்தது. "காலாண்ட லேசா தண்ணி வந்துது, அவ்ளோதான். நீ அங்க குந்தினு இருக்கற தைரியத்துலதான் எறங்கறேன். லதாகூடக் கேட்டா, பம்ப்ப வுட்டுட்டா இன்னா பண்ணுவேன்னு. மேல நம்ம சுமா கீது, மூணு மணி குட்த்தா புட்ச்சி நிறுத்திடும்னு சொன்னேன். இத்தினி நாள்ல பெரிய தண்ணி ஒரு தபாவாச்சும் வந்துக்குதா சொல்லு? பாதி அடைப்பு அப்டியே இருக்குது, மறுபடி எறங்கணும், பம்ப்ப அப்டியே புட்ச்சி வெய்."

வேண்டாம் அண்ணா, இறங்காதீங்க என்று சொன்னாளா, மனசுக்குள் சொல்லிக்கொண்டாளா… போன் எப்போதோ அடங்கியிருந்தது. ஒரு தடவைகூடத் தண்ணீர் வந்ததில்லை. ஏன் வரவில்லை? அவள் ஒரு நாளும் நிறுத்தியதில்லையே, பூச்சி பூச்சி என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போனவள்தானே, பின்னே யார் நிறுத்தினார்கள்… யாரும் நிறுத்தவில்லை. பாலகாட் பம்ப்பின் மோட்டார் மழைக்கு முன்னாலிருந்தே எரிந்து கிடந்தது. தெருவில் வழிகிற நாற்றம் தாங்காமல் அவள்தான் இன்ஜினியரை விடாமல் நச்சரித்தாள், முந்தாநாள்தான் புது மோட்டார் வந்து பொருத்தினார்கள். அந்தச் சந்தோஷத்தில் ஆபீஸ் முழுக்க அவளே மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தாள்.