மிச்சம் மூன்று பந்து

சிங்கப்பூர் நியூ வோர்ல்டின் இரும்புக் கதவை மருதப்பன் மூன்றாவது முறையாகத் தட்டினார். உள்ளே ஒரு நாய் குரைத்தது, ஆளைக் காணோம். இரவானால் ஆயிரம் விளக்கு எரியும், ஊரே திரளும் என்று தங்கச்சி கடிதத்துக்குக் கடிதம் எழுதிய கேளிக்கைப் பூங்கா இதுதான். பகல் பன்னிரண்டு மணிக்கு அதன் வாசலில் கச்சாங் கடலைப் பொட்டலக் காகிதங்களும் வாழைப்பழத் தோலும் கிடந்தன.

ஒருவழியாகத் திட்டிவாசல் திறந்தது. சாரத்தை இறுக்கிக்கொண்டே ஒரு மலாய்க்காரக் காவலாளி தலையை நீட்டி, சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் திறப்போம் என்றான். தான் ஆட வரவில்லை, ஆளைத் தேடி வந்திருப்பதாக மருதப்பன் தோட்டத்தில் பழகிய மலாயில் சொன்னார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், பெயர் தங்கராஜு, காசு போட்டுப் பந்து ஆடும் பின்பால் மெஷின் என்றால் சோறு தண்ணி வேண்டாம். காவலாளியின் முகம் மலர்ந்துவிட்டது. கிரேன் தங்காவைத் தெரியாதவர் உண்டா, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெண்டாட்டியோடு வருவாரே என்றான். அவர் ஆடுவாராம். அந்த அம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, பந்து விழும்போதெல்லாம் அவரைத் திட்டுவாராம். பார்க்கவே வேடிக்கையாக இருக்கும் என்றவன், அந்த அம்மாவுக்கு இப்போது உடம்பு எப்படி என்று கேட்டான்.

அப்படியேதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மருதப்பன் திரும்பி நடந்தார். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

தங்கச்சி மங்களம் இறந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. டன்லப் தெருவில் மிளகாய் அரைக்கும் கடைக்கு மேலே ஒரே அறைதான் அவர்கள் வீடு. வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் கைவிட்டு அனுப்பியவளை அங்கேதான் படுக்க வைத்திருந்தார்கள். பதினொன்றே காலுக்கு மூச்சு நின்றது. நான்கு மணிக்குப் பிடாதாரி இடுகாட்டுக்கு எடுத்தாக வேண்டும், குழி வெட்ட ஆள் போய்விட்டது. சுமங்கலியாகப் போனவளுக்குப் புருஷன்தான் நெற்றியில் பொட்டு வைத்து அனுப்ப வேண்டும். காலையில் வெளியே போன புருஷனைக் காணோம்.

"அண்ணே, நீங்கதான் போய்க் கூட்டிட்டு வரணும்" என்றாள் பக்கத்து வீட்டு ரத்தினம்மா. "இங்க ஆம்பளைங்க எல்லாம் வேலைக்குப் போயிட்டாங்க. மெஷின் இருக்கிற எடமாப் பாருங்க. அவரு வேற எங்கயும் போகமாட்டாரு."

மெஷின் என்ற சொல்லைக் கேட்டதுமே மருதப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணமாகி ஒரு மாதத்தில் மாப்பிள்ளையின் இந்தப் பழக்கம் காதில் விழுந்து, காசைப் போட்டுப் பந்து உருட்டுகிறவன் கையில் தங்கச்சியைக் கொடுத்துவிட்டேனே என்று குமைந்தவர் அவர். பதினோரு வருஷமாக இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வாங்க அண்ணே, ஊரைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று அவள் எழுதுவாள். தோட்டத்தில் வேலை இருக்கிறது என்று இவர் பதில் போடுவார்.

சிங்கப்பூருக்கு அவரை வரவழைத்தது மாப்பிள்ளை அடித்த ஒரு தந்திதான். அதில்தான் எல்லாம் கோணலாகிவிட்டது.

ஈப்போ பக்கத்துத் தோட்டமொன்றின் ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் பெரிய கிராணி மருதப்பன். இருபது வருஷமாக ஆட்களுக்குத் தந்தி எழுதிக் கொடுக்கிறவர். செத்துப் போனார் என்று எந்தத் தந்தியிலும் எழுதமாட்டார், படிக்கிறவர்கள் நின்ற இடத்திலேயே விழுந்துவிடுவார்கள். 'சீரியஸ், உடனே புறப்படவும்' என்றுதான் எழுதுவார். வாங்குகிறவர்களுக்கும் அர்த்தம் தெரியும், அழுதுகொண்டேதான் ரயில் ஏறுவார்கள். அதே வார்த்தைகள் தன் பெயருக்கு வந்தபோது அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். கடைக்குப் போய்ப் பிறந்த வீட்டுக் கோடி எடுத்தார். அண்ணன் கொண்டுவரும் புதுச்சேலையைப் போர்த்தித்தான் செத்த தங்கச்சியை அனுப்புவது முறை. தங்கராஜு கிரேன்காரன். அவனுக்கு சீரியஸ் என்றால் சீரியஸ்தான்.

முந்தாநாள் காலை பையோடு மாடியேறி வந்து பார்த்தால், தலையணையில் சாய்ந்தபடி மங்களம் சிரிக்கிறாள். மருதப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பையை மூலையில் தள்ளி அதன்மேல் துண்டைப் போட்டு மூடினார். இன்று காலை அவருடைய துணிகளைத் துவைக்கக் கேட்ட ரத்தினம்மா, அவர் குளிக்கப் போன நேரத்தில் பையைத் திறந்துவிட்டாள். அவர் திரும்பி வந்தபோது அரக்குச் சேலை மங்களத்தின் மடியில் இருந்தது.

"எனக்கா அண்ணே?"

"உனக்குத்தான்" என்றார் மருதப்பன். வேறு என்ன சொல்வார்.

அவள் அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். கரையைத் தடவிப் பார்த்தாள். ரத்தினம்மா சட்டென்று அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தங்கராஜு மட்டும் சேலையை விரித்து, மடித்து, மறுபடி விரித்து எதையோ தேடினான்.

"ரவிக்கைத் துணி எடுக்கலையா மச்சான்?"

உடுத்துகிறவளுக்கு எடுத்திருந்தால் ரவிக்கைத் துணி இருந்திருக்கும், மஞ்சளும் பூவும் இருந்திருக்கும். மருதப்பன் ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டே நின்றார். தங்கராஜு சேலையை அவள் பக்கத்தில் வைத்தான், சட்டையை மாட்டினான், இதோ வந்துடுறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அதற்குப் பிறகு அவள் மூன்று மணி நேரம்தான் இருந்தாள். அந்த மூன்று மணி நேரமும் சேலையைக் கையிலேயே வைத்திருந்தாள். கூடப்பிறந்த அண்ணனே காலனுக்குச் சீட்டு எழுதிக்கொண்டு வந்தது போலாகிவிட்டதே என்று மருதப்பனுக்கு நெஞ்சு வெந்தது.

ஜாலான் புசாரில் ஒரு டாக்சியை நிறுத்தி, கேலாங்கில் இருக்கும் இன்னொரு கேளிக்கைப் பூங்காவான ஹாப்பி வோர்ல்டுக்குப் போகச் சொன்னார். அங்கேயும் கதவு சாத்தியிருந்தது. டாக்சிக்காரர் வயதான சீனர். பின்பால் மெஷினைத் தேடி அலைகிற வேட்டிக்காரரை அவர் ஏற இறங்கப் பார்த்தார். பகலில் ஆட வேண்டுமென்றால் துறைமுக வாசலுக்குப் பக்கத்தில் கப்பல்காரர்கள் போகும் கடை ஒன்று இருக்கிறது, கூட்டிப்போகிறேன் என்றார். கிரேன் துறைமுகத்தில்தானே என்று மருதப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஊருக்குப் புதிது என்று தெரிந்ததும் டாக்சிக்காரருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இது புதுப்பாலம், மெர்டேக்கா பாலம், போன வருஷம்தான் திறந்தார்கள் என்று வண்டியை மெதுவாக்கினார். பாலத்து முனையில் இருந்த கல் சிங்கத்தைக் காட்டினார். பிறகு கடல், கடலில் நிற்கும் கப்பல்கள், மணிக்கூண்டு. நேரமிருந்தால் மீன்காட்சிக்குப் போகலாம், கண்ணாடிக்குள்ளே ஆமை நீந்தும் என்றார். நிறுத்துங்கள் என்று சொல்ல மருதப்பனுக்கு வாய் வரவில்லை. மங்களமும் காலையில் அதையேதான் சொன்னாள்.

"வந்தது வந்தீங்க, ஊரைப் பாத்துட்டுப் போங்க அண்ணே. அவரு கூட்டிட்டுப் போவாரு. அந்த மீனுங்களை மட்டும் விட்டுடாதீங்க."

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. மருதப்பன் டாக்சிக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். கப்பல்களைப் பார்க்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ, டாக்சிக்காரர் இன்னும் மெதுவாக ஓட்டினார்.

கடை நீளமாகவும் இருட்டாகவும் இருந்தது. சுவரோரம் ஆறு மெஷின்கள். ஒவ்வொன்றின் தலையிலும் குட்டைப்பாவாடைக்காரி ஒருத்தி கண்ணாடிப் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக்கார மாலுமிகள் பீர்ப் புட்டியோடு நான்கு மெஷின்களைச் சுற்றி நின்றார்கள். கடைசி மெஷினில், சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, தங்கராஜு குனிந்திருந்தான்.

போகிற வேகத்தில் பிடரியில் ஒன்று வைக்க வேண்டும் என்றுதான் மருதப்பன் நினைத்திருந்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தபோது அவன் கண்ணிமைக்காமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். பலகையின் மேல் முனையில் எஃகுப் பந்து முளைக்கு முளை மோதித் தெறித்தது. மோதும்போதெல்லாம் மணி அடித்தது.

"மாப்பிள்ளை."

"இருங்க மச்சான். ஒரு நிமிசம் பேசாதீங்க."

பந்து வலப்பக்கம் சரிந்தது. தங்கராஜு மெஷினை இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளி, பொத்தானைத் தட்டினான். பந்து மறுபடி மேலே ஏறியது. மணி விடாமல் அடித்தது. மெஷினுக்குள்ளே கட்டையால் தட்டியதுபோல டக் என்று ஒரு சத்தம் கேட்டது. தங்கராஜு இரண்டு கையையும் எடுத்துவிட்டு நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

"வந்துடுச்சு மச்சான். அஞ்சு லச்சம்."

மருதப்பன் மெஷின் கண்ணாடியில் மின்னிய எண்ணைப் பார்த்தார்.

"காளியம்மன் கோயிலுக்குத்தான் கெளம்பினேன். பூப்போட்டுப் பாக்கலாம்னு. வெள்ளப் பூ வந்தா எந்திரிச்சிடுவா. செவப்பு வந்துட்டா? வாசல் வரைக்கும் போயிட்டுப் பயந்து திரும்பிட்டேன். பூவுன்னா ஒரு தடவைதான் மச்சான். இங்க தோத்தா இன்னொரு காசு போடலாம்ல? அஞ்சு லச்சம் வந்தா அவ பொழச்சுக்குவான்னு நெனச்சுக்கிட்டு ஆடினேன்." முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். "கோவிச்சுக்காதீங்க. அந்தச் சேலையை நீங்க திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க."

இப்போது சொல்ல வேண்டும் என்று மருதப்பனுக்குத் தெரிந்தது. மணி ஒன்றரை ஆகிவிட்டது. அங்கே பெண்கள் விளக்கேற்றிக் காத்திருக்கிறார்கள். வாயைத் திறந்தவர், கையிலிருந்த குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஓசி ஆட்டம் ஒண்ணு குடுத்திருக்கு" என்றான் தங்கராஜு. "அஞ்சு பந்து. நீங்க ஆடுங்க மச்சான். ஆடிட்டுப் போவோம். அவகிட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பா."

மருதப்பன் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு மெஷின் முன்னால் போய் நின்றார். பந்தைத் தள்ளும் சுருள்வில்லை எப்படி இழுப்பது என்று அவன் காட்டினான். முதல் பந்து ஒரு முளையிலும் படாமல் நேராகக் கீழே போய் விழுந்தது. பரவாயில்லை, எல்லாருக்கும் முதலில் அப்படித்தான் என்றான். இரண்டாவது பந்து கொஞ்ச நேரம் மேலே நின்றது. இப்போது தட்டுங்க, தட்டுங்க என்றான். அவர் அவன் சொன்னபடியே தட்டினார். பந்து நழுவிப் போனபோது, ஐயோ போச்சே என்று அவரும் சொன்னார்.

திரும்பிப் பார்த்தார். தங்கராஜு பலகையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க இதெல்லாம் தொடமாட்டீங்களே மச்சான்."

மருதப்பன் கையை எடுத்தார்.

"என்கிட்ட நீங்க இவ்வளவு நேரம் நின்னு பேசினதே இல்லியே" என்றான் தங்கராஜு. "எப்போ?" என்று கேட்டான்.

"பதினொண்ணே காலுக்கு."

"வலிச்சுதா?"

"இல்ல. பேசிக்கிட்டே இருந்தா. அப்படியே தூங்கிட்டா."

தங்கராஜு மெஷினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "பதினொண்ணே காலு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "அப்ப எனக்கு மூணு லச்சங்கூட வரலியே."

"நான்தான் மாப்பிள்ளை, அந்தச் சேலையைக் கொண்டாந்து" என்றார் மருதப்பன். சொல்ல வந்ததை விட்டுவிட்டுப் பேச்சை மாற்றினார். "நீங்கதான் வந்து பொட்டு வைக்கணுமாம். எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

மூன்றாவது பந்து தடத்தில் வந்து நின்றிருந்தது. சற்று நேரம் பொறுத்துப் பார்த்த மாலுமி ஒருவன், நீங்கள் ஆடவில்லையா என்று கையால் கேட்டான். தங்கராஜு விலகி அவனுக்கு வழிவிட்டான்.

கடைக்குப் பின்னால் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுத் தங்கராஜு அங்கே போனான். காலையிலிருந்து காசு எடுத்துப் போட்டதில் விரல்நுனிகள் கறுத்திருந்தன. சுவரோரம் கிடந்த சவர்க்காரத் துண்டை எடுத்துத் தேய்த்தான். அலம்பினான், முகர்ந்து பார்த்தான். மறுபடி தேய்த்தான். உள்ளே மாலுமிக்குப் பந்து நன்றாக நின்றது போலும், மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"செப்பு நாத்தம் போகல மச்சான்."

"போதும் மாப்பிள்ளை" என்று மருதப்பன் குழாயை மூடினார். தங்கராஜு வலதுகை மோதிர விரலை மட்டும் தனியாகப் பிடித்து, தண்ணீர் இல்லாமலே தேய்த்துக்கொண்டு நின்றான்.